பழைய உப்சாலாவின் ஈமக் குன்றுகள்: ஏடு சொன்னதும் மண் சொன்னதும்

ஆங்கிலத்தில் வார நாட்களின் பெயர்களை ஒப்பிக்கும் நம் பள்ளிச் சிறுவர்கள், தம்மை அறியாமலேயே ஐரோப்பாவின் வடபுலத்துப் பழந்தெய்வங்கள் சிலவற்றின் பெயர்களை நாள்தோறும் உச்சரித்து வருகின்றனர். புதன்கிழமையைக் குறிக்கும் 'வெட்னஸ்டே' என்பது வோடன் என்றும் ஓடின் என்றும் வழங்கப்பெற்ற தெய்வத்தின் நாள். வியாழக்கிழமையைக் குறிக்கும் 'தர்ஸ்டே' என்பது இடிக்கு அதிபதியாகிய தோர் என்னும் தெய்வத்தின் நாள். ஆங்கிலேயரின் முன்னோரும் சுவீடன், நார்வே, டென்மார்க்கு நாட்டினரின் முன்னோரும் ஒருங்கே வழிபட்ட தெய்வங்கள் இவை. அம்மக்கள் யாவர், எங்குக் கூடி வழிபட்டனர், அவர்களைப் பற்றி உலகம் எவர் வாயிலாக அறிந்தது என்பன வரலாறு பயில்வோர் ஆராயத்தக்க வினாக்களாகும். மூன்றாம் வினாவே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உப்சாலா என்னும் பல்கலைக்கழக நகரம் உள்ளது. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்து 1961இல் வானூர்தி விபத்தில் உயிர் நீத்த டாக் ஹாமர்ஷீல்டு வளர்ந்த ஊரும், அடக்கம் செய்யப்பட்ட ஊரும் அதுவே. அந்நகருக்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டர் சென்றால் ஒரு சிற்றூர் உண்டு. அதன் பெயர் காம்லா உப்சாலா. 'காம்லா' என்னும் சுவீடியச் சொல்லுக்குப் 'பழைய' என்பது பொருள். பழைய உப்சாலா என்றே நாமும் வழங்குவோம்.

சமவெளியில் மூன்று பெரிய மண் குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. புல் மூடிய அவை தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இயற்கைக் குன்றுகளைப் போலவே தோன்றும். உண்மையில் அவை இறந்தோரைச் சிதையில் எரித்த இடத்தின்மேல் கல்லும் மணலும் மண்ணும் குவித்து எழுப்பிய ஈமக் குன்றுகள். கி.பி. 6ஆம் நூற்றாண்டிலும் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவை எழுந்தன என்பர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீட்டர் உயரமும், 50 முதல் 70 மீட்டர் வரை குறுக்களவும் உடையது. அவற்றைச் சுற்றிச் சிறிய ஈமக் குன்றுகள் சுமார் 250 எஞ்சியுள்ளன. ஒரு காலத்தில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வரை அங்கு இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. மற்றவை உழவுக்கும் தோட்டத்துக்கும் இரையாகி மறைந்தன. பெரியவை நின்றன, சிறியவை அழிந்தன. இதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

இவ்விடத்தைப் பற்றி உலகம் முதன்முதலாக விரிவாக அறிந்தது ஒரு செருமானியப் பாதிரியாரின் நூலினால். அவர் பெயர் ஆதாம். பிரெமன் நகரத் திருச்சபையைச் சேர்ந்தவர். கி.பி. 1075 அளவில், ஹம்பர்க்கு-பிரெமன் பேராயர்களின் வரலாற்றை இலத்தீன் மொழியில் எழுதினார். அந்நூலின் நான்காம் பகுதியில் உப்சாலாவின் கோயில் வருணிக்கப்படுகிறது. கோயில் முழுவதும் பொன்னால் ஒப்பனை செய்யப்பட்டது என்கிறார். உள்ளே மூன்று தெய்வங்களின் உருவங்கள். நடுவில் தோர், இருமருங்கும் வோடனும் ஃபிரிக்கோவும். கொள்ளை நோயும் பஞ்சமும் வந்தால் தோருக்கும், போர் மூண்டால் வோடனுக்கும், திருமணம் நிகழ்ந்தால் ஃபிரிக்கோவுக்கும் படையல் இடுவர். ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை சுவீடனின் எல்லா மாகாணத்தாரும் அங்குக் கூட வேண்டும். மன்னரும் மக்களும் காணிக்கை அனுப்ப வேண்டும். கிறித்தவம் தழுவியவர்களோ பொருள் கொடுத்துத் தம்மை விடுவித்துக் கொள்ள வேண்டும். ஒவ்வோர் உயிரினத்திலும் ஆண் ஒன்பதைப் பலியிட்டு, உடல்களைக் கோயிலை அடுத்த சோலையின் மரங்களில் தொங்கவிடுவர். நாயும் குதிரையும் மனிதரும் ஒருசேரத் தொங்குவர். இவ்வாறு 72 உடல்கள் தொங்கக் கண்டதாகக் கிறித்தவர் ஒருவர் தம்மிடம் கூறினார் என்று ஆதாம் எழுதுகிறார்.

நூலின் ஓரக் குறிப்புகளில் மேலும் சில செய்திகள் உண்டு. கோயிலருகே கோடையிலும் குளிரிலும் பசுமை மாறாத பெருமரம் ஒன்று நின்றது. அது என்ன மரம் என எவரும் அறியார். அருகில் பலியிடுவதற்குரிய நீரூற்று. கோயிலின் கூரை விளிம்பைச் சுற்றிப் பொற்சங்கிலி. கோயிலோ சமவெளியில், நாற்புறமும் மலைகள் சூழ்ந்த நாடக அரங்கு போன்ற இடத்தில் அமைந்தது என்கிறது குறிப்பு.

படிப்பவர் உள்ளத்தில் இவ்வருணனை ஆழப் பதிந்துவிடும். எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பதிந்தே வந்துள்ளது. பழைய உப்சாலா என்றவுடன் பொற்கோயிலும் தொங்கும் பிணங்களும் நினைவுக்கு வருவது ஆதாமினால்தான். ஆனால் வரலாறு பயில்வோன் ஒரு சான்றைக் கையிலெடுத்தால் முதலிற் கேட்க வேண்டியது, சொன்னவர் யார், கண்டு சொன்னாரா கேட்டுச் சொன்னாரா என்பதே.

ஆதாம் உப்சாலாவுக்குச் சென்றவர் அல்லர். அவருக்குச் செய்தி தந்தோருள் முதன்மையானவர் டென்மார்க்கு மன்னர் ஸ்வேன் எஸ்திரித்சன். அவர் எழுதியதன் நோக்கம், வடபுலம் முழுவதிலும் மறைப்பணி புரியும் உரிமை தம் பேராயருக்கே உரியது என நிலைநாட்டுவது. அந்நோக்கத்திற்கு உப்சாலா எத்துணைக் கொடியதாகத் தோன்றுகிறதோ அத்துணை நன்று. இன்னொன்றும் உண்டு. உப்சாலாச் சமவெளியைச் சுற்றி மலைகளே இல்லை. உயர்ந்து நிற்பவை மேற்கூறிய ஈமக் குன்றுகள் மட்டுமே. அக்குன்றுகளைப் பற்றிய பேச்சு எவர் வாயிலாகவோ சென்று, வழியில் மலைகளாக வளர்ந்திருக்கக் கூடும். கல்லறைகளை மலைகள் என எழுதிய ஏடு, கோயிலைப் பொன் என எழுதியதில் வியப்பில்லை.

ஆதாமின் நூலில் என் மனத்தைப் பெரிதும் வருத்தும் பகுதி பலியைப் பற்றியதன்று. அவ்விழாவில் மக்கள் பல பாடல்களைப் பாடுவதுண்டு என்று அவர் கூறுகிறார். ஆனால் அவை பலவாறானவை, இழிந்தவை. ஆதலால் அவற்றைப் பற்றி வாய் திறவாதிருப்பதே நன்று என்று அத்துடன் நிறுத்திக் கொள்கிறார். அம்மக்கள் நூல் எழுதும் வழக்கம் இல்லாதவர்கள். ரூன் எனப்படும் எழுத்துகளைக் கல்லிலும் மரத்திலும் சுருக்கமாகப் பொறித்தார்களேயன்றி, ஏடுகளில் தம் வாழ்வை எழுதி வைத்தாரில்லை. அவர்களுடைய விழாப் பாடல்களைக் குறித்து வைக்கும் வாய்ப்பு, கையில் இறகும் தோலேடும் வைத்திருந்த ஒருவருக்குக் கிட்டியது. எழுதத் தகாதவை என்று அவர் தீர்ப்பளித்துவிட்டார். அப்பாடல்களில் ஒன்றேனும் இன்று நம்மிடம் இல்லை. ஒரு மக்களின் பாட்டு எழுதத் தக்கதா தகாததா என்பதை அம்மக்களை வெறுப்பவர் தீர்மானிக்கும்போது நேரும் இழப்பு இது. இத்தகைய இழப்பு உப்சாலாவோடு நின்றுவிட்டதா என்பதை இம்மலரின் வாசகர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் நடுவுநிலை தவறலாகாது. ஆதாம் பகைவர் ஆதலால் அவர் கூறியன யாவும் பொய் என்று தள்ளிவிடுவதும் ஆராய்ச்சி ஆகாது. சுவீடனின் வடபகுதியில் ஃப்ரோசோ என்னும் தீவின் தேவாலயத்தில் 1984இல் தரைக்கடியில் அகழ்ந்தபோது, பலிபீடத்தின் நேர் கீழே ஒரு பிர்ச்சு மரத்தின் அடிக்கட்டையும், அதனைச் சுற்றிக் கரடி முதலிய விலங்குகளின் எலும்புகளும் கிடைத்தன. மரத்தடியில் பலியிடும் வழக்கம் இருந்ததென்பது இதனால் உறுதியாயிற்று. டென்மார்க்கின் ட்ரெல்லபோர்க்கு என்னுமிடத்துக் கிணறுகளில் விலங்கெலும்புகளோடு நான்கு முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளின் எலும்புகளும் காணப்பட்டன. ஆகவே மனிதப் பலி அப்புலத்தில் அறவே இல்லை என்று வாதிடுவதற்கில்லை. பழைய உப்சாலாவிலோ, ஆதாம் கூறிய அளவில் மனிதப் பலி நிகழ்ந்ததற்கு மண்ணிலிருந்து சான்று கிடைக்கவில்லை. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே.

அடுத்த சான்று ஐஸ்லாந்து நாட்டவரான ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்பவருடையது. இவர் 1241இல் கொலையுண்டவர். தலைவரும் புலவருமாக விளங்கியவர். ஆதாமுக்கு நூற்றைம்பது ஆண்டுகள் பின்னர் மன்னர் வரலாறுகளைத் தொகுத்தார். ஆதாம் பகைவர் எனின், ஸ்னோரி பழம்பெருமை பேசுபவர். ஃபிரெய் என்னும் தெய்வமே உப்சாலாவில் பெருங்கோயில் எழுப்பினான் என்பதும், மன்னர் குலம் அவன் வழித்தோன்றல் என்பதும் அவர் கூற்று. அவர் கூறும் அவுன் மன்னனின் கதை ஒன்று போதும். ஆயுள் நீள வேண்டி அவன் தன் மைந்தர் ஒன்பதின்மரை ஒருவர்பின் ஒருவராக ஓடினுக்குப் பலி கொடுத்தானாம். நடக்க இயலாமல் படுக்கையிற் கிடந்தபோதும், குழந்தையைப் போலக் கொம்பினால் பால் பருகியபோதும், வாழும் ஆசை அவனை விட்டபாடில்லை. பத்தாம் மகனையும் பலியிட முனைந்தபோது மக்கள் தடுத்துவிட்டனர், அவன் மாண்டான். நம் நாட்டு யயாதியின் கதையை அறிந்தோர்க்கு இது முற்றிலும் புதிதாகத் தோன்றாது. மூன்று குன்றுகளும் அவுன், எகில், அதில்ஸ் ஆகிய மூன்று மன்னர்க்குரியவை எனப் பிற்கால மரபு பெயரிட்டது. தோர், ஓடின், ஃபிரெய் ஆகிய தெய்வங்களே உள்ளே துயில்வதாகச் சொன்னாரும் உளர்.

17ஆம் நூற்றாண்டில் வந்தார் ஓலோஃப் ரூட்பெக். உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியர். மருத்துவ அறிவில் தலைசிறந்தவர். பிளேட்டோ கூறிய, கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் என்னும் நாடு சுவீடனே என்றும், அதன் தலைநகர் பழைய உப்சாலாவே என்றும் நிறுவ 1679 முதல் பல பெருந்தொகுதிகள் எழுதினார். அப்போது சுவீடன் ஒரு வல்லரசு; வல்லரசுகளுக்குப் பழம்பெருமை தேவைப்படும். முடிபு முழுத் தவறு. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈமக் குன்றுகளின் மேலே படிந்த மண்ணடுக்கின் கனத்தை அளந்து அவற்றின் வயதைக் கணக்கிட முயன்றவர் அவர். மண்ணை அடுக்கடுக்காகப் படிக்க வேண்டும் என்னும் அகழ்வாராய்ச்சியின் அடிப்படையை, தவறான கொள்கைக்காக உழைத்த அம்மனிதரே முன்னதாகக் கண்டார்.

19ஆம் நூற்றாண்டில் வேறொரு வாதம் கிளம்பியது. இக்குன்றுகள் கல்லறைகளே அல்ல, இயற்கை மேடுகளே என்றனர் சிலர். நாட்டின் பெருமைக்கே இழுக்கு நேர்ந்ததாகக் கருதி, பின்னாளில் பதினைந்தாம் கார்ல் என முடிசூடிய இளவரசர் அகழ்வாராய்ச்சிக்கு ஊக்கமளித்தார். பிரோர் எமில் ஹில்டெபிராண்டு என்னும் அறிஞர் தலைமையில் 1846இல் கிழக்குக் குன்றைக் குடைந்தனர். சுமார் 25 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் அமைத்து நடுவிடத்தை எட்டினர். மன்னனின் பொற்குவையை எதிர்பார்த்தவர்க்குக் கிடைத்தவை எரிந்த எலும்புகள் கொண்ட தாழி, கரி, நெருப்பில் உருகிச் சிதைந்த அணிகலத் துண்டுகள் ஆகியனவே. அவ்வெலும்புகள் ஒரு பெண்ணுடையவை என்பாரும், ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் சேர்த்து எரிக்கப்பட்டனர் என்பாரும் உளர். மன்னர் பெயரிட்டு வழங்கிய குன்றினுள் இருந்தவள் ஒரு பெண்!

1874இல் மேற்குக் குன்று திறக்கப்பட்டது. அதில் ஓர் ஆடவன். அவனுடன் விலங்குகளும் எரிக்கப்பட்டிருந்தன. பொன்னும் கார்னெட் எனப்படும் செம்மணிக்கல்லும் பதித்த வாளின் பகுதிகள், தந்தத்தாலான ஆட்டக் காய்கள், பொன்னிழை கலந்த ஆடையின் எச்சம், மத்தியக் கிழக்கிலிருந்து வந்தவை எனப்படும் உருவம் செதுக்கிய சிறு கற்கள் ஆகியன கிடைத்தன. உலகின் ஒரு கோடியில் கிடந்த ஊர் என்று இதனை எண்ணலாகாது. அக்கால ஐரோப்பிய அணிகலன்களிற் பதித்த செம்மணிக் கற்களுள் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என வேதியியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்டாக்ஹோமுக்கு அருகே மேலாரன் ஏரியிலுள்ள ஹெல்கோ என்னும் தீவில், இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வார்க்கப்பட்ட 6ஆம் நூற்றாண்டுப் புத்தர் சிலை ஒன்று 1956இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. கைக்குள் அடங்கும் அளவினது; தாமரைமேல் அமர்ந்த கோலம். எத்தனை கைகள் மாறி அங்குச் சென்றதோ! தோரையும் ஓடினையும் வழிபட்டோரின் நாட்டில் அது பல நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்தது.

இனி, ஏடுகள் பேசாத ஒன்றைப் பேசுவோம். இக்குன்றுகளை எழுப்பியவர் யார்?

கணக்கு ஆசிரியன் கண்ணோடு நோக்கினால் இதற்கு ஒரு வழி உண்டு. குறுக்களவு 60 மீட்டர், உயரம் 9 மீட்டர் என்று கொண்டு கணக்கிட்டால் ஒரு குன்றின் கனஅளவு ஏறத்தாழ 13,000 கனமீட்டர் ஆகும். கூடை ஒன்றுக்கு 20 லிட்டர் மண் எனின், ஆறரை இலட்சம் கூடை. அடியிலுள்ள இயற்கை மேட்டின் பங்கைக் கழித்தாலும் சில இலட்சம் கூடைகள் எஞ்சும். மூன்று குன்றுக்கும் சேர்த்துப் பாருங்கள். முதலில் சிதை எரிந்த இடத்தின்மேல் கற்குவியல். அதன்மேல் சரளையும் மணலும். எல்லாவற்றுக்கும் மேலே புற்பற்றை. அத்தனையும் மனிதர் தோளிலும் தலையிலும் ஏறி வந்தவை. உள்ளே ஒருவர் அல்லது இருவர். வெளியே சுமந்தவர் நூற்றுக்கணக்கானோர். ஆதாம் சுமந்தவரைச் சொல்லவில்லை. ஸ்னோரியும் சொல்லவில்லை.

சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. அது மேலிருந்து சொல்லப்பட்டது. 'ரிக்ஸ்தூலா' என்பது அதன் பெயர். அது இயற்றப்பட்ட காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ரிக் என்னும் தெய்வம் மூன்று வீடுகளுக்குச் சென்று தங்குகிறது. ஏழ்மையான முதல் வீட்டில் பிறந்தவன் த்ரேல், அதாவது அடிமை. இரண்டாம் வீட்டில் பிறந்தவன் கார்ல், அதாவது குடியானவன். செல்வம் மிக்க மூன்றாம் வீட்டில் பிறந்தவன் யார்ல், அதாவது பெருமகன்; அவன் வழியிலேயே மன்னர். அடிமையின் கரிய மேனியையும், சுருங்கிய கைத்தோலையும், கூனிய முதுகையும் அப்பாட்டு வருணிக்கிறது. அவன் மக்களுக்கு இடும் பெயர்களோ இழிபெயர்கள். பிறப்பினால் வேலையும், வேலையினால் மதிப்பும், யாவும் தெய்வத்தின் ஏற்பாடு என்று கூறும் இவ்வகைக் கதை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று என அறிந்துகொள்கிறோம். அவ்வடிமைக் குடும்பம் செய்யும் வேலைகளை எண்ணிச் செல்கையில், வயலுக்கு எருவிடுதல், பன்றி வளர்த்தல், ஆடு மேய்த்தல் ஆகியவற்றோடு ஒன்றைச் சேர்த்துக் கூறுகிறது: புற்பற்றை வெட்டுதல். குன்றின் மேற்போர்வை எதனால் ஆனது என்பதை மேலே கண்டோம்.

இவ்வடிமை நிலை சுவீடனில் நெடுங்காலம் நீடித்தது. கிறித்தவம் வந்த பின்னும் உடனே ஒழியவில்லை. 1335இல்தான் மன்னர் மக்னஸ் எரிக்சன் ஸ்காரா நகரில் ஓர் ஆணை பிறப்பித்தார். வெஸ்தர்யோட்லண்ட், வேரெண்ட் ஆகிய பகுதிகளில் கிறித்தவப் பெற்றோர்க்குப் பிறந்த எவரும் இனி அடிமை எனப்படலாகாது என்று அது விதித்தது. குன்றுகள் எழுந்து ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்!

குன்றுகள் எழுந்த காலமும் எளிய காலமன்று. கி.பி. 536இல் பெரும் எரிமலை வெடிப்பு ஒன்று நிகழ்ந்து, வானில் பரவிய சாம்பலும் புகையும் கதிரவன் ஒளியை மறைத்தன. 540 அளவில் மற்றொரு வெடிப்பு. வடபுலத்தில் கோடையே குளிர்காலம் போல் ஆகிப் பயிர் விளையவில்லை. உப்சாலாவைச் சுற்றிய பகுதியில் பல குடியிருப்புகள் கைவிடப்பட்டதை அகழ்வுகள் காட்டுகின்றன. மக்கள் மடிந்து நிலங்கள் ஆளின்றிக் கிடந்தபோது, எஞ்சிய சிலர் கையில் நிலமும் செல்வமும் குவிந்தன என்றும், அப்புதிய பெருமக்கள் தம் ஆட்சியை நிலைநாட்டவே இத்துணைப் பெரிய குன்றுகளை எழுப்பினர் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். எனக்கும் இக்கருத்து பொருத்தமாகவே தோன்றுகிறது. பஞ்சத்திற்குப் பின் எழும் மாளிகையைக் கண்டால் அது யாருடைய நிலத்தின் விளைவு என்று கேட்கத்தான் வேண்டும்.

பொற்கோயில் என்னாயிற்று? 1926இல் சூனே லிண்ட்குவிஸ்ட் என்னும் பேராசிரியர் பழைய உப்சாலாத் தேவாலயத்தின் தரைக்கடியில் அகழ்ந்து தூண் நட்ட குழிகள் சிலவற்றைக் கண்டார். அவற்றை ஒன்றோடொன்று இணைத்துச் சதுர வடிவக் கோயிலாக வரைந்து காட்டினார். அவ்வரைபடம் பரவிப் புகழ் பெற்றது. பின்வந்தோர் ஆராய்ந்து, அக்குழிகள் யாவும் ஒரே கட்டடத்துக்கு உரியவை எனக் கொள்ள இயலாது என்று காட்டினர். மாறாக, தேவாலயத்தின் அருகே மண் நிரப்பிச் சமன் செய்த மேடையின்மேல், சுமார் 50 மீட்டர் நீளமுள்ள ஒரு பெருமண்டபத்தின் அடித்தடம் கண்டறியப்பட்டது. சுருள் வேலைப்பாடு கொண்ட இரும்பு அணிகள் அதன் கதவுகளை அழகு செய்தன. கி.பி. 800 அளவில் அது தீக்கிரையாயிற்று. மன்னரின் விருந்தும் தெய்வத்தின் படையலும் அத்தகைய மண்டபங்களில் ஒன்றாகவே நடந்திருக்க வேண்டும் எனப் பலரும் இன்று எண்ணுகின்றனர். அரசு வேறு, ஆலயம் வேறு என்னும் பிரிவே அங்கு இல்லை.

பழைய உப்சாலா வழிபாட்டிடம் மட்டுமன்று. திங் என்னும் மக்கள் மன்றம் கூடிய இடமும் சந்தை கூடிய இடமும் அதுவே. அம்மன்றத்தில் தோர்க்னி என்னும் முதியவர் எழுந்து, குடியானவர் சொல்லைக் கேளாத மன்னனைக் கொல்லவும் தயங்கோம் என்று மன்னன் ஓலோஃபின் முகத்துக்கு நேரே எச்சரித்ததாக ஸ்னோரி எழுதுகிறார். இரு நூற்றாண்டு கழித்து எழுதியது. சொற்கள் ஸ்னோரியுடையவையாக இருக்கலாம். ஆனால் அம்மன்றத்தில் பேசும் உரிமை கார்லுக்கு உண்டு, த்ரேலுக்கு இல்லை என்பதை மறத்தலாகாது.

அந்த ஓலோஃப் மன்னர் 1008 அளவில் திருமுழுக்குப் பெற்றவர். பழைய சமயம் உடனே மறையவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கே என்னும் மன்னர் பலியிட மறுத்ததால் துரத்தப்பட்டார் என்றும், பலியிட இசைந்த அவர் மைத்துனன் ஸ்வேன் அரசேறினான் என்றும், பின்னர் இங்கே திரும்பி வந்து அவனை வீட்டோடு கொளுத்தினார் என்றும் ஒரு ஐஸ்லாந்துக் கதை கூறுகிறது. 1164இல் பழைய உப்சாலா பேராயரின் இருக்கை ஆயிற்று. பழம்புனித இடத்திலேயே புதிய கற்கோயிலும் எழுந்தது. 1240 அளவில் தீ விபத்து. 1273இல் பேராயர் இருக்கையும், புனிதராகப் போற்றப்பட்ட எரிக் மன்னரின் எலும்புகளும் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊருக்கு மாற்றப்பட்டன. அவ்வூரே இன்றைய உப்சாலா. மாறியதற்குத் தீ மட்டும் காரணமன்று. பனியூழிக் காலத்தில் பெரும் பனிப்பாளத்தின் எடையால் அமுங்கிய அந்நிலம், பனி உருகிய பின் மெல்ல மெல்ல மேலெழும்பி வருகிறது. நூறாண்டுக்கு அரை மீட்டர் அளவு அது உயரும். ஒரு காலத்தில் படகுகள் எட்டிய நீர்வழி ஆழம் குன்றியது; வணிகம் கீழ் நோக்கி நகர்ந்தது.

எஞ்சிய தேவாலயத்தின் சுவரில் ரூன் எழுத்துக் கல் ஒன்று வைத்துக் கட்டப்பட்டுள்ளது. இங்கிலாந்து சென்று வந்த சிக்வித் என்பவன் தன் தந்தை நினைவாக நாட்டிய கல் அது. அத்தேவாலயத்துக்குள்ளேயே, வெப்ப அளவைக்குத் தம் பெயரை அளித்த ஆண்டர்ஸ் செல்சியஸ் 1744 முதல் உறங்குகிறார். நம் பள்ளி ஆய்வுக்கூட வெப்பமானியில் அவர் பெயரைக் காணும் மாணவர்க்கு இச்செய்தியை ஆசிரியர்கள் எடுத்துரைக்கலாம்.

அண்மையில் வெளிப்பட்டதோ எந்த ஏட்டிலும் இல்லாதது. 2012, 2013 ஆண்டுகளில் இரட்டை இருப்புப்பாதை அமைப்பதற்கு முன்னர் அங்கு விரிவாக அகழ்ந்தனர். ஏறத்தாழ 6 மீட்டருக்கு ஒன்றாகப் பெருந்தூண்கள் நட்ட குழிகள் நேர்கோட்டில் செல்வதைக் கண்டனர். வடவரிசை சுமார் 900 மீட்டர் நீளம். அதில் 144 தூண்கள். தெற்கே மற்றொரு வரிசை. கி.பி. 5ஆம் நூற்றாண்டு அளவில், பெருங்குன்றுகளுக்கும் முன்னரே நடப்பட்டவை அவை. சில குழிகளின் அடியில் குதிரை முதலியவற்றின் எலும்புகள் இடப்பட்டிருந்தன. ஊர்வலப் பாதையா, எல்லையா, வழிபாட்டுச் சின்னமா என்று அறிஞர் இன்னும் விவாதிக்கின்றனர். ஆதாமின் காலத்தில் அத்தூண்கள் மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. அவருக்குச் செய்தி கொண்டு சென்றவர்க்கும் அவை தெரியா. அதே அகழ்வில் சாதாரண மக்களின் வீடுகளும், கிணறுகளும், மேட்டை உழவு அழித்தபின் எஞ்சிய எரியூட்டுக் குழிகளும் வெளிப்பட்டன. மன்னர் குன்றைத் தேடிய ஹில்டெபிராண்டின் காலத்தில் இவற்றைத் தேடுவார் இல்லை.

2018இல் தேவாலயத்தை அடுத்த பாதிரியார் மனையின் அருகே இரண்டு படகுக் கல்லறைகள் கண்டெடுக்கப்பட்டன. ஒன்று சிதைந்திருந்தது. மற்றொன்றில் படகின் பின்புறத்தில் ஓர் ஆடவன், முன்புறத்தில் அவனுடைய குதிரையும் நாயும். உடன் வாள், ஈட்டி, கேடயம், ஒரு சீப்பு. மூன்று பெருங்குன்றுகளுள் கிழக்கும் மேற்கும் திறக்கப்பட்டு நூறாண்டுகளுக்கு மேலாயின. நடுக்குன்றின் நெஞ்சப் பகுதியை இதுவரை எவரும் எட்டவில்லை. அதன் அருகே நிலத்தடிச் சுரங்கத்தில் தொடர்வண்டிகள் இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன.